பூ என்று நினைத்தது காய்: பயணத்தில் பார்த்த ஒரு புதரை அடையாளம் கண்ட விவரம்

வண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோதுதான் அந்தப் புதர்கள் கண்ணில் பட்டன. வெயில் சுள்ளென்று விழும் பாறைச் சரிவு. புல் முழுக்கக் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. நடுவே, ஆள் உயரத்தைத் தாண்டிய பச்சைப் புதர்கள் கும்பல் கும்பலாக நின்றன. ஒவ்வொன்றின் கிளை நுனியிலும் இளஞ்சிவப்பும் கருஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கள். ‘பூக்கள்’ என்றுதான் அப்போது குறிப்பில் எழுதினேன். அந்த ஒரு சொல் என்னை ஒன்றரை நாள் சுற்றவிட்டது.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம், மறைத்துவைக்க ஒன்றுமில்லை. அது விராலி. தாவரவியல் பெயர் டோடோனியா விஸ்கோசா. உலகின் வெப்பப் பகுதிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் புதர்களில் ஒன்று. விராலி என்ற பெயரை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், செடி எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. இவ்வளவு சாதாரணமான ஒரு செடியை அடையாளம் காண ஏன் இத்தனை நேரம் ஆயிற்று, எங்கே வழி தவறியது, எது கடைசியில் கைகொடுத்தது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதல் நாள்

வளைவில் வண்டி நின்றது அதிகம் போனால் நான்கு நிமிடம். இறங்கி ஓடிப்போய் ஆறு படம் எடுத்தேன். ஐந்து படங்களில் சிவப்புக் கொத்துகள் மட்டும், அதுவும் கீழேயிருந்து வானத்தைப் பார்த்தபடி. ஆறாவது படம் தூரத்திலிருந்து எடுத்த முழுச் சரிவு. “எடுத்தாச்சுல்ல? பின்னாடி வண்டி வருது, வா” என்று கூட வந்த நண்பர் கூப்பிட்டார். ஏறிவிட்டேன்.

குறிப்பேட்டில் எழுதியது இவ்வளவுதான்: “புதர். ஆள் உயரத்துக்கு மேல். சிவப்புப் பூங்கொத்து. காய்ந்த பாறைச் சரிவு, சுமார் 900 மீட்டர் உயரம்.” கடைசி இரண்டு விவரங்களும் பிறகு உதவின. மற்றவை எந்தச் செடிக்கும் பொருந்தக்கூடியவை. ஓர் இலையைக்கூட நான் தொட்டுப் பார்க்கவில்லை. கண்ணைப் பறித்ததைப் படம் எடுத்தேனே தவிர, செடியைப் படம் எடுக்கவில்லை. இது பயணிகள் எல்லோருக்கும் நேர்வது. நிறம் கூப்பிடும், கேமரா அங்கேயே போய் நிற்கும்.

அன்று மாலை தங்குமிடத்தில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் செயலி ஒன்றில் படங்களை ஏற்றினேன். கொத்தை நெருக்கமாகக் காட்டிய படத்துக்குக் காகிதப்பூ என்றது. இன்னொரு கொத்துக்குச் சுக்கான்கீரை வகை என்றது. படத்தின் ஓரத்தில் தெரிந்த நீண்ட இலைகளை மட்டும் வெட்டிக் கொடுத்தபோது அரளி என்றது. ஒரே செடிக்கு மூன்று பதில், மூன்றும் வெவ்வேறு குடும்பம்.

செயலியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுத்த படத்தில் இருந்ததைத்தான் அது பார்த்தது. அளவு தெரிய ஒரு விரல்கூடப் படத்தில் இல்லை. அந்தச் சிவப்புத் துண்டு அரை அங்குலமா மூன்று அங்குலமா என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியாதபோது, அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் கொத்தைப் பார்த்து அது சொன்ன இரண்டு தவறான பதில்களிலும் ஒரு பொதுவான செய்தி இருந்தது. காகிதப்பூவின் வண்ண மடல்கள் மூன்று. சுக்கான்கீரையின் காயைச் சுற்றி இருக்கும் சிவப்புச் சிறகுகளும் மூன்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் என் ‘பூவிலும்’ மூன்று தகடுகள், காகிதம் போல மெல்லியவை, வலைப்பின்னலாக நரம்புகள் ஓடியவை. செயலி பெயரைத் தவறவிட்டாலும் மூன்று என்ற எண்ணைப் பிடித்திருந்தது.

அந்த எண்ணை வைத்துத் தேடத் தொடங்கினேன்.

சந்தேகப் பட்டியல்

காகிதப்பூ முதலில் விழுந்தது. அதன் ஒவ்வொரு வண்ண மடலின் உள்பக்கமும் குழல் போன்ற சிறு பூ ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் உண்மையான பூ, மடல் வெறும் அலங்காரம். என் படங்களில் அப்படி எதுவும் இல்லை. காகிதப்பூவுக்கு முள் உண்டு. இங்கே முள் இருந்ததா? தெரியாது, பார்க்கவில்லை.

சுக்கான்கீரையின் காய்க்கொத்து நிறத்திலும் வடிவத்திலும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போனது. ஆனால் அது முழங்கால் உயரம்கூட வராத சிறு செடி. நான் பார்த்தது கட்டையும் பட்டையும் உள்ள புதர். அது உறுதியாகத் தெரிந்ததால் இதையும் விட்டேன்.

அடுத்து குருக்கத்தி நினைவுக்கு வந்தது. அதன் காய்க்கும் மூன்று சிறகு உண்டு. ஆனால் நடுச்சிறகு நீளமாகவும் பக்கத்துச் சிறகுகள் குட்டையாகவும் இருக்கும், காற்றில் சுழன்று இறங்குவதற்கு ஏற்றபடி. என் படத்தில் மூன்றும் ஒரே அளவு. போதாக்குறைக்குக் குருக்கத்தி கொடி, இது தானே நிமிர்ந்து நின்ற புதர். காம்பிரீட்டம் என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில், சிறகுள்ள காய்கள் நிறைய. ஆனால் அவற்றுக்குப் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து சிறகு, இலைகளும் எதிரெதிராக இருக்கும். இங்கே இலைகள் எதிரெதிரா, மாறி மாறியா? அதுவும் தெரியாது.

கவனித்தால் தெரியும், அதற்குள் நான் ‘காய்’ என்று பேசத் தொடங்கிவிட்டேன். ஒத்துப்போன செடிகளில் பெரும்பாலானவற்றில் அந்தச் சிறகுகள் காயைச் சேர்ந்தவை. அப்படியானால் நான் பார்த்ததும் காயாக இருக்கலாம் என்ற எண்ணம் இரவு பத்து மணிவாக்கில்தான் வந்தது. பூ என்று முன்கூட்டியே எழுதிவிட்டதால், ‘சிவப்புப் பூ பூக்கும் புதர்கள்’ பக்கங்களையே மணிக்கணக்காகப் புரட்டியிருந்தேன். விராலி அந்தப் பக்கங்களில் ஒருபோதும் இருக்காது.

நல்லவேளையாக மறுநாள் அதே வழியாகத் திரும்ப வேண்டியிருந்தது. தூங்கப் போகுமுன் ஒரு பக்கத்தில் கேள்விகளை எழுதினேன். இலைகள் தண்டில் எப்படி அமைந்திருக்கின்றன? காம்பை ஒடித்தால் பால் வருகிறதா? முள் உண்டா? சிவப்புச் சிறகுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது, விதை இருக்கிறதா? உண்மையான பூ வேறெங்காவது தெரிகிறதா? பட்டை எப்படி? சுற்றி வேறு என்ன வளர்கிறது?

இரண்டாம் நாள்

வளைவைத் தாண்டி வண்டி நிறுத்த இடம் இருந்த பகுதியில் இறங்கி நடந்தோம். இந்த முறை கேமராவை உடனே கையில் எடுக்கவில்லை. முதல் பத்து நிமிடம் சும்மா நின்று பார்த்தேன்.

முதலில் உறைத்தது, அங்கே ஒரு தேனீகூட இல்லை. காலை எட்டு மணி, நல்ல வெயில், இத்தனை கொத்து. இவை பூவாக இருந்தால் ஏதாவது ஒரு பூச்சி வந்திருக்க வேண்டும். கீழே தரையோடு கிடந்த ஒரு சின்ன மஞ்சள் பூவில் இரண்டு வண்டுகள் உட்கார்ந்திருந்தன. தலைக்கு மேலே தொங்கிய நூற்றுக்கணக்கான சிவப்புக் கொத்துகளை எதுவும் சட்டை செய்யவில்லை.

இரண்டாவது, நிறம். தூரத்தில் சிவப்பாக மட்டும் தெரிந்த கொத்துகள் கிட்டப்போனால் பல நிறத்தில் இருந்தன. இளசானவை வெளிர்பச்சை. அதற்கடுத்தவை ஓரத்தில் மட்டும் சிவப்பு ஏறியவை. பிறகு முழுச் சிவப்பு. அடிக்கிளையில் இருந்தவை காய்ந்து பழுப்பாகி, காற்றடிக்கும்போது சலசலவென்று ஒலித்தன. பூ வாடினால் துவண்டு உதிரும். இவை விறைப்பாகக் காய்ந்து, வடிவம் மாறாமல் கிளையிலேயே நின்றன. முதிரும் காயின் வரிசை அது, சந்தேகமே இல்லை.

ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். மூன்று சிறகுகளும் ஓர் அச்சைச் சுற்றிச் சம இடைவெளியில் நின்றன. ஒவ்வொரு சிறகும் அரைவட்டம், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. சிறகின் விளிம்பிலிருந்து விளிம்புவரை என் விரல்நுனியைவிடச் சற்று அகலம், இரண்டு சென்டிமீட்டர் வரும். நடுவே அச்சை ஒட்டி மூன்று சின்னப் புடைப்புகள். நகத்தால் ஒரு புடைப்பைக் கீறினேன். உள்ளே மிளகைவிடச் சிறிய கறுப்பு விதை ஒன்று, ஓரம் தட்டையானது. அடுத்த அறையில் இரண்டு. காகிதக் கூடு, மூன்று அறை, அறைக்கு ஓரிரண்டு விதை.

இந்த இடத்தில்தான் ஏதோ ஒன்று மனதில் தட்டியது. மூன்று அறையுள்ள காகிதக் கூட்டை நான் ஏற்கெனவே எத்தனையோ முறை உடைத்துப் பார்த்திருக்கிறேன்: முடக்கத்தான். அதன் காய் பலூன் போல ஊதியிருக்கும். இதில் ஊதல் இல்லை, பதிலாக ஒவ்வோர் அறையின் முதுகும் சிறகாக நீண்டிருக்கிறது. முடக்கத்தான் பூந்திக்கொட்டையின் குடும்பம், சாப்பின்டேசியே. இது அதன் உறவாக இருக்குமோ என்று குறிப்பில் ஒரு கேள்விக்குறியோடு எழுதினேன். இந்த மாதிரி ஒப்புமை பல நேரம் ஏமாற்றும், அதனால்தான் கேள்விக்குறி.

அப்புறம் இலை. ஓர் இலையைப் பிடித்துத் திருப்பியதும் விரல் ஒட்டிக்கொண்டது. மேல்பக்கம் வார்னிஷ் அடித்ததுபோல மினுங்கியது. சாலையோரக் கிளைகளில் தூசி அப்பிக்கிடந்தது, துடைத்தாலும் முழுக்கப் போகவில்லை. இளந்தளிரில் பிசுபிசுப்பு இன்னும் அதிகம். இலை எட்டு சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலம். நுனிப்பக்கம் சற்று அகன்று, அடிப்பக்கம் மெல்ல மெல்லக் குறுகிக் காம்பே இல்லாததுபோலத் தண்டில் சேர்ந்தது. தண்டில் இலைகள் மாறி மாறி இருந்தன, ஒரு கணுவுக்கு ஒன்று. காம்பிரீட்டம் போனது. அரளிக்குப் பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று இலை இருக்கும், அதுவும் போனது. காம்பை ஒடித்ததில் பால் வரவில்லை. முள் இல்லை.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத செடியை வாயில் வைத்துப் பார்க்கவே கூடாது. அரளியாக இருக்கலாம் என்று ஒரு நிமிடமாவது சந்தேகப்பட்ட செடி இது. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. பால் வருகிறதா என்று ஒடித்துப் பார்ப்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தால் பிடித்துச் செய்வது நல்லது. கள்ளிக் குடும்பத்துச் செடிகளின் பால் கண்ணில் பட்டால் பெரும் தொல்லை. அன்று கையைக் கழுவிய பிறகுதான் முகத்தைத் தொட்டேன்.

பட்டை சாம்பல் பழுப்பு, மெல்லிய நார்களாக உரிந்து தொங்கியது. இளங்கிளைகள் உருண்டையாக இல்லாமல் விளிம்பு கட்டியிருந்தன, விரலால் உருட்டினால் தெரிந்தது. சரிவில் மற்ற செடிகளெல்லாம் ஆடுமாடு கடித்துக் கடித்துத் தரையோடு குறுகியிருந்தன. இந்தப் புதர்களில் ஒரு நுனிகூடக் கடிபடவில்லை.

பக்கத்தில் இன்னொரு வகைப் புதர் நிற்பதாக முதல் நாளே நினைத்திருந்தேன். உயரம் அதேதான், ஆனால் சிவப்புக் கொத்து கிடையாது. அதன் அருகே போய் இலையைத் தொட்டேன், அதே பிசுபிசுப்பு. அதே குறுகிய அடி, அதே மாறி மாறி அமைந்த இலைகள். கிளை நுனியில் காலம் தவறிப் பூத்த சில பூக்கள் மிஞ்சியிருந்தன. லென்ஸ் வைத்துத்தான் பார்க்க முடிந்தது. நான்கு சின்ன புல்லிகள் (பூவின் வெளி மடல்கள்), அவற்றின் நடுவே எட்டுத் தடித்த மகரந்தப் பைகள், பையைத் தாங்கும் காம்பு ஏறக்குறைய இல்லை. அல்லி இதழ் ஒன்றுகூட இல்லை. காயாக மாற வேண்டிய சூலகம் இல்லை. இது ஆண் செடி. வேறு இனம் என்று நான் ஒதுக்கியது இந்தப் புதரின் ஆண் பாதி.

இதழ் இல்லை, தேனீ இல்லை, மகரந்தப் பை பெரிது. மூன்றையும் சேர்த்தால் காற்றினால் மகரந்தம் பரவும் செடி என்று ஆகிறது. பூ கண்ணைக் கவர வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. நிறமெல்லாம் காயில்தான். முதல் நாள் எழுதிய அந்தச் சொல் எவ்வளவு தவறு என்று அங்கேதான் முழுசாகப் புரிந்தது.

பெயரும் சரிபார்ப்பும்

இனித் தேடல் எளிது. மாறி மாறி அமைந்த தனியிலை, பிசின் பூசிய மேற்பரப்பு, இதழ் இல்லாத பூ, மூன்று சிறகுள்ள காகிதக் காய், பூந்திக்கொட்டைக் குடும்பமா என்ற கேள்விக்குறி. இந்த ஐந்தையும் சேர்த்துத் தேடியதும் டோடோனியா விஸ்கோசா வந்து நின்றது. விஸ்கோசா என்றால் லத்தீனில் பிசுபிசுப்பானது. தொட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே பாதிப் பெயர் விரலில் ஒட்டியிருக்கும்.

பெயர் கிடைத்ததும் மகிழ்ச்சியில் மூடிவைக்கத்தான் தோன்றியது. ஆனால் பொருந்துவதை மட்டும் பார்த்தால் எதுவும் பொருந்திவிடும் என்பது முந்தைய இரவே புரிந்திருந்தது. அதனால் ஒரு வேலை செய்தேன். விராலியின் தாவரவியல் விவரிப்பைத் திறந்து, அடையாளம் காண நான் பயன்படுத்தாத குணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு என் குறிப்போடு ஒப்பிட்டேன். இளங்கிளை விளிம்பு கட்டியிருக்கும் என்றது, இருந்தது. பட்டை நாராக உரியும் என்றது, உரிந்தது. ஆண் பெண் பூக்கள் பெரும்பாலும் தனித்தனிச் செடியில் என்றது. மகரந்தத் தாள்கள் பொதுவாக எட்டு, விதை கறுப்பு, கால்நடை விரும்பாது என்றெல்லாம் வரிசையாகப் பொருந்தின. வறண்ட சரிவு, கல்தரை, 900 மீட்டர் உயரம், எதுவும் முரண்படவில்லை. பொருந்தாத ஒரே ஒரு குணம் வந்திருந்தாலும் மறுபடி தொடங்கியிருப்பேன்.

உலர்த்தி வைத்த மாதிரிகளின் படங்களையும் பார்த்தேன். அவற்றில் நிறம் போயிருக்கும். இந்த விஷயத்தில் அது வரம். சிவப்பு போனபின் எஞ்சுவது இலையமைப்பும் காயின் கட்டமைப்பும்தான். முதலில் பார்த்திருக்க வேண்டியதும் அதுதான்.

இந்தக் காய் ஏமாற்றியது என்னை மட்டும் இல்லை என்று தெரிந்தபோது ஒரு ஆறுதல். 1753ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடிக்குப் பெயர் வைத்தபோது டீலியா விஸ்கோசா என்று எழுதினார். டீலியா என்பது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பேரினம், அதன் காய்க்கும் காகிதச் சிறகு உண்டு. சிறகு ஒத்திருந்ததால் சேர்த்திருக்கலாம். 1760ல் ஜாக்குவின் என்ற தாவரவியலாளர் அதை டோடோனியாவுக்கு மாற்றினார். 1517 முதல் 1585 வரை வாழ்ந்த பிளெமிய மருத்துவரும் தாவரவியலாளருமான ரெம்பர்ட் டோடோன்ஸின் நினைவாக அமைந்த பேரினப் பெயர் அது. அந்தப் பேரினத்தில் சுமார் 70 இனங்கள் உண்டு, பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவில் மட்டும் வளர்பவை. விராலி ஒன்றுதான் ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா, பசிபிக் தீவுகள் என்று எல்லாப் பக்கமும் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் இதை ஹாப்புஷ் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பியர்கள் பீர் வடிக்க, அதற்குக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸுக்குப் பதிலாக இதன் காயைப் பயன்படுத்தியதால் வந்த பெயர். ஹவாயில் இதன் பெயர் அஅலிஇ, சிவந்த காய்க்கொத்துகளை அங்கே மாலையாகக் கட்டுகிறார்கள்.

எங்கே நிறுத்தினேன்

விராலிக்குள் பல துணையினங்கள் உண்டு. குறுகிய இலை, அகன்ற இலை, கடற்கரை வடிவம், மலை வடிவம் என்று இடத்துக்கு இடம் மாறும். இடைப்பட்ட வடிவங்களும் ஏராளம். ஒரு சரிவில் மூன்று புதர்களின் இலையை அளந்துவிட்டுத் துணையினம் சொல்வது சரியாக இருக்காது என்பது என் முடிவு. இனம் வரை உறுதி, அதற்குக் கீழே எழுதவில்லை. அடையாளம் காண்பதில் எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு வேலை. அதைப் பலர் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தமே.

பதிவை, பார்த்த செடிகளையும் உயிரினங்களையும் பலரும் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இரண்டாகப் பிரித்து ஏற்றினேன். காய் இருந்த பெண் புதர் ஒன்று, பூ மிஞ்சியிருந்த ஆண் புதர் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படங்கள்: முழுப் புதர், தண்டில் இலை அமைந்திருக்கும் விதம், இலையின் இருபக்கம், பட்டை, பக்கத்தில் விரல் தெரிய எடுத்த காய் அல்லது பூ. பெண் புதரின் பதிவில் கீறித் திறந்த காயும் கறுப்பு விதைகளும் தெரியும். முதல் நாள் எடுத்த ஆறு படங்களில் முழுச் சரிவைக் காட்டும் ஒன்றை மட்டும், வாழிடம் தெரிவதற்காகக் கூடவே சேர்த்தேன். குறிப்பேட்டில் ‘சிவப்புப் பூங்கொத்து’ என்ற வரியை அடித்துவிட்டு, மேலே ‘காய், மூன்று சிறகு, 2 செ.மீ.’ என்று எழுதித் தேதி போட்டேன்.